பிளேட்லெட் பையை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ரத்த வங்கியில் வேலை பார்ப்பவனுக்குத் தனியாகச் சொந்த வாழ்க்கை கிடையாது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட, "தம்பி, எங்க மாமாவுக்கு டெங்கு, பிளேட்லெட் இருபதாயிரத்துக்கு இறங்கிருச்சாம்" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். கொஞ்ச காலமாக அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவில் பிளேட்லெட்டை ஃபிரிட்ஜில் வைத்து 14 நாள் வரை பயன்படுத்துகிறார்களாமே, நீங்கள் ஏன் ஐந்தே நாளில் தூக்கிப் போடுகிறீர்கள்? நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

முதலில் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். வைக்கலாமா, கூடாதா?

நம் நாட்டில் கூடாது. இங்குள்ள விதிப்படி பிளேட்லெட் 20 முதல் 24 டிகிரி செல்சியசில், விடாமல் மெதுவாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆயுள் 5 நாள்.

அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2023 ஜூனில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி 1 முதல் 6 டிகிரிக் குளிரில் 14 நாள் வரை வைக்கலாம். ஆனால் அது ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு மட்டும். அதுவும் வழக்கமான பிளேட்லெட் கிடைக்காத, அல்லது வைத்துச் சமாளிக்க முடியாத இடங்களுக்கு. நமக்கு வரும் வாட்ஸப் செய்தியில் "14 நாள்" இருக்கிறது, "மட்டும்" காணாமல் போய்விடுகிறது.

பிளேட்லெட் என்பது சரியாக என்ன?

தமிழில் தட்டணு. முழு செல்கூட இல்லை. எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல்களிலிருந்து உதிரும் துணுக்கு, உட்கரு கிடையாது. குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும். ரத்தத்தில் 7 முதல் 10 நாள் சுற்றிவிட்டு அழியும். தினமும் சுமார் பத்தாயிரம் கோடி புதிதாகப் பிறக்கும். ரத்தக்குழாய் எங்கே கிழிந்தாலும் முதலில் போய் ஒட்டிக்கொண்டு அடைப்பது இதுதான்.

சிவப்பணுவை ஃபிரிட்ஜில் வைக்கிறீர்கள், பிளாஸ்மாவை உறைய வைக்கிறீர்கள். இதை மட்டும் ஏன் வெளியே ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள்?

எங்கள் அறைக்கு வந்து பார்த்தால் புரியும். சிவப்பணுப் பைகள் 2 முதல் 6 டிகிரி ஃபிரிட்ஜில் சத்தமில்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் தூங்கும். பிளாஸ்மா உறைபெட்டியில் மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே கல் மாதிரி ஒரு வருடம் கிடக்கும். மூலையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டி மட்டும் ராப்பகலாக "டக்... டக்..." என்று அடித்துக்கொண்டே இருக்கும். அதுதான் அஜிட்டேட்டர். உள்ளே தட்டுத் தட்டாக அடுக்கிய பைகள், நிமிடத்துக்கு 60, 70 தடவை பக்கவாட்டில் போய்ப் போய் வரும். தொட்டில் என்றுதான் நாங்கள் சொல்வோம்.

ஆட்டுவது எதற்கு? 22 டிகிரியில் தட்டணு உயிரோடு, முழிப்போடு இருக்கிறது. சர்க்கரையைச் சாப்பிட்டு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. பையின் பிளாஸ்டிக்கே காற்று உள்ளே புகுந்து வெளியேறும்படி செய்யப்பட்டது. ஆட்டாமல் விட்டால் எல்லாம் அடியில் படிந்துவிடும், ஆக்சிஜன் போய்ச் சேராது, லாக்டிக் அமிலம் சேரும். பிஎச் அளவு 6.2-ஐ ஒட்டி இறங்கிவிட்டால் அந்தத் தட்டணுவை உடம்பில் ஏற்றியும் பயனில்லை.

மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். சில மணி நேரம் ஆட்டாமல் இருந்தால் தப்பில்லை. வண்டியில் கொண்டுபோகும்போது அப்படித்தானே இருக்கிறது? வெப்பநிலை மாறிவிடுவதுதான் அதைவிடப் பெரிய கவலை.

அதென்ன ஐந்து நாள் கணக்கு? ஆறாம் நாள் செத்துவிடுமா?

சாகாது. இந்த ஐந்துக்குக் காரணம் தட்டணு இல்லை, கிருமி.

1980களில் நல்ல பைகள் வந்ததும் அமெரிக்காவில் இதை 7 நாள் வரை வைக்க 1984-ல் அனுமதி கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில், 1986-ல், மறுபடி 5-க்கு இறக்கிவிட்டார்கள். ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஒன்றிரண்டு பாக்டீரியா பைக்குள் போய்விடுவது உண்டு. நமக்கு இதமான 22 டிகிரி அதற்கும் இதம்தான். ஊட்டமான திரவம், காற்று, இதமான சூடு, போதாக்குறைக்குத் தாலாட்டு. நாள் ஆக ஆகப் பெருகும். ஆயிரத்திலிருந்து மூவாயிரம் பைக்குள் ஒன்றில் இப்படிக் கிருமி இருக்க வாய்ப்புண்டு. அந்தப் பை ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இல்லாமல் கிடக்கும் புற்றுநோயாளிக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கிருமிப் பரிசோதனையைக் கடுமையாக்கிவிட்டு இப்போது சில நாடுகளில் மறுபடி 7 நாள் வரை வைக்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை முதலான பரிசோதனைகள் முடிந்து பை வெளியே வருவதற்குள் ஒரு நாளாவது ஓடியிருக்கும். கையில் மிஞ்சுவது மூன்றரை, நாலு நாள். வெள்ளிக்கிழமை முகாமில் எடுத்ததில் பாதி, யாருக்கும் தேவைப்படாமல் புதன்கிழமை குப்பைக்குப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரியும். அடுத்த நாளே நாலு பேர் பிளேட்லெட் கேட்டு வந்து நிற்பார்கள்.

குளிரில் வைத்தால் தட்டணுவுக்கு என்னதான் ஆகிறது?

எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த சீனியர் அண்ணன் முதல் நாளே செய்து காட்டிய ஒரு காரியம் இருக்கிறது. பையை டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, கையால் லேசாக அழுத்தி விடச் சொன்னார். நீராகாரத்தில் சிட்டிகை மஞ்சள் கலந்த மாதிரி ஒரு நிறம். அதற்குள் பட்டுத்துணி மடிந்து விரிவது போல மினுமினுவென்று அலை அலையாக ஏதோ சுழன்றது. "பார்த்தியா, இது உயிர்" என்றார். ஸ்வர்லிங் என்பார்கள். தட்டணு தட்டையாக, சின்னத் தட்டு மாதிரி இருப்பதால் திரும்பும்போது ஒரு பக்கம் வெளிச்சத்தை அடிக்கிறது, மறு பக்கம் விட்டுவிடுகிறது. அதுதான் அந்த மினுக்கு.

ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த பையில் இந்த மினுக்கு இருக்காது. என்னதான் அழுத்தினாலும் வெறும் கலங்கல் தண்ணீர். தட்டு வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கும் நுண்குழாய் வளையம் குளிரில் பிரிந்து போவதால் தட்டணு உருண்டையாகி, மேலே முள் முள்ளாக நீட்டிக்கொள்ளும். காயத்தைக் கண்டதும் எப்படி மாறுமோ, ஏறக்குறைய அந்தக் கோலத்துக்குப் போய்விடும். காயமே இல்லாமல் கத்தியை உருவிக்கொண்டு நிற்கிற நிலை. திரும்பச் சூடாக்கினாலும் பழையபடி முழுதாக வராது.

அப்படியானால் அது கெட்டுப்போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

இதே கேள்வியில்தான் மருத்துவ உலகம் ஐம்பது வருடம் சுற்றி வந்திருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1960களில் பிளேட்லெட்டையும் மற்ற ரத்தத்தைப் போல ஃபிரிட்ஜில்தான் வைத்தார்கள். 1969-ல் அமெரிக்காவின் ஸ்காட் மர்ஃபி, ஃபிராங்க் கார்ட்னர் என்ற இருவர் ஆரோக்கியமான ஆட்களின் தட்டணுவை எடுத்து, குரோமியத்தின் கதிரியக்க ஐசோடோப்பால் அடையாளம் போட்டு, வெவ்வேறு சூட்டில் வைத்து, அவரவர் உடம்புக்கே திருப்பி ஏற்றிப் பார்த்தார்கள். 22 டிகிரியில் வைத்தது பாதியாகக் குறைய ஏறக்குறைய 4 நாள் ஆனது. குளிரில் வைத்தது ஒன்றேகால் நாளிலேயே பாதியாகிவிட்டது. அதன் பிறகு உலகம் மெல்ல மெல்ல 22 டிகிரிக்கு மாறியது.

அவர்கள் அளந்தது, தட்டணு எத்தனை நாள் ரத்தத்தில் *தங்குகிறது* என்பதை. எவ்வளவு நன்றாக *அடைக்கிறது* என்பதை அல்ல. 1970களிலேயே, தட்டணுவை மந்தமாக்கும் ஆஸ்பிரினைக் கொடுத்த ஆட்களை வைத்துச் செய்த சோதனைகளில், குளிர்ந்த தட்டணு ரத்தக்கசிவு நேரத்தைச் சட்டென்று குறைப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அப்போது பிளேட்லெட்டை அதிகம் கேட்டவர்கள் யார்? ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள். அவர்களுக்கு ரத்தம் ஓடவில்லை. ஓடிவிடாமல் இருக்க கவுன்ட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதற்கு நாலு நாள் தங்குவதுதான் லாபம். அந்த நோயாளிக்கு எடுத்த முடிவு சரியானது. அதையே விபத்தில் கால் நசுங்கி வந்தவருக்கும் சேர்த்து எழுதிவிட்டோம் என்பதுதான் இன்றைய விவாதமே. என்னைக் கேட்டால், தப்பு குளிரில் இல்லை, எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்ததில் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், குளிரில் 72 மணி நேரம் வைக்கலாம் என்ற வரியை அமெரிக்க விதிப்புத்தகத்திலிருந்து யாரும் அழிக்கவே இல்லை. யாரும் சீண்டாமல் கிடந்தது. 2015-ல் அதைத்தான் தூசி தட்டி எடுத்து, ரத்தம் ஓடும் நோயாளிக்கு மூன்று நாள் குளிர்ப் பையைப் பயன்படுத்தலாம் என்று தெளிவுபடுத்தினார்கள்.

குளிர்ந்து வந்த தட்டணுவை உடம்பு ஏன் இவ்வளவு சீக்கிரம் அழிக்கிறது?

ஊருக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தால் சொந்த வீட்டு நாயே குரைக்கும், இல்லையா? அந்தக் கதைதான்.

2003-ல் பாஸ்டனில் கரின் ஹோஃப்மைஸ்டர், ஜான் ஹார்ட்விக், தாமஸ் ஸ்டோசல் குழு எலிகளில் இதைக் கண்டுபிடித்தது. தட்டணுவின் மேல் ஜிபி ஒன் பி என்ற ஒரு புரதம் உண்டு, காயத்தில் ஒட்டிக்கொள்ள உதவும் கை அது. குளிரில் இந்தக் கைகள் சிதறி நிற்காமல் கும்பல் கும்பலாகச் சேர்ந்துவிடுகின்றன. கல்லீரலில் உட்கார்ந்திருக்கும் விழுங்கும் செல்கள் அந்தக் கும்பலைக் கண்டதும், இது நம் ஆளில்லை என்று பிடித்து விழுங்கிவிடுகின்றன. அந்தப் புரதத்தின் மேல் உள்ள சர்க்கரைச் சங்கிலிதான் காட்டிக்கொடுக்கிறது என்று தெரிந்ததும், அதன் நுனியில் கேலக்டோஸை ஒட்டி மறைத்துப் பார்த்தார்கள். எலியில் அருமையாக வேலை செய்தது. மனிதரில் 2008-ல் செய்து பார்த்தபோது பலிக்கவில்லை. இரண்டு நாள் குளிரில் இருந்த தட்டணு, கேலக்டோஸ் பூசியும் வேகமாகவே காணாமல் போனது. நாள் கணக்கில் குளிரில் இருந்தவற்றைக் கல்லீரலில் வேறொரு வாசல் பிடிக்கிறது என்பது அடுத்த வருடங்களில் தெரிந்தது.

அந்தத் தோல்விக்குப் பிறகுதான் கேள்வியே திரும்பியது. நீண்ட நாள் தங்க வைக்க முடியவில்லை, சரி. தங்கத்தான் வேண்டுமா?

ரத்தம் ஓடிக்கொண்டிருப்பவருக்குக் குளிர்ப் பை எப்படி உதவும்?

அவருக்கு அடுத்த சில மணி நேரம்தான் முக்கியம். ஓட்டை அடைபட்டால் போதும், அடைத்த தட்டணு நாளை மறுநாள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய தேவை இல்லை. குளிரில் பாதி விழித்து, முள் நீட்டி நிற்கும் தட்டணு காயத்தின் சமிக்ஞைக்கு வேகமாகப் பதில் சொல்கிறது. ஆய்வகத்தில் அதிலிருந்து உருவாகும் உறைகட்டி இறுக்கமாக இருக்கிறது. 22 டிகிரியில் ஐந்து நாள் ஆடிக் களைத்த தட்டணு இதே சோதனையில் மந்தமாகத்தான் இருக்கும்.

அப்புறம் வசதி. ஆட்டும் பெட்டி வேண்டாம். சிவப்பணு இருக்கும் அதே ஃபிரிட்ஜ், அதே ஐஸ் பெட்டி போதும். ஹெலிகாப்டரில், கப்பலில், மலை உச்சி ஆஸ்பத்திரியில் "டக் டக்" பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமெரிக்க ராணுவம் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்குக் காரணமே ஈராக், ஆப்கானிஸ்தான் களங்கள்தான். ஐந்து நாள் ஆயுளுள்ள பை அங்கே போய்ச் சேருவதற்குள் காலாவதி ஆகிவிடும். அங்கேயே இருக்கும் சிப்பாய்களிடமிருந்து எடுத்தால்தான் உண்டு. 2019-ல் ராணுவத்துக்கென்று தனியாக 14 நாள் விதிவிலக்கு கொடுத்தார்கள். அதையே 2023-ல் ராணுவத்துக்கு வெளியிலும் திறந்துவிட்டார்கள்.

இதை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

கொஞ்சம். நார்வேயின் பெர்கன் நகரில் ஹாக்லாண்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதய, நெஞ்சு அறுவை சிகிச்சை நோயாளிகளுக்கு முதலில் 7 நாள் வரை, பிறகு 14 நாள் வரை வைத்த குளிர்ப் பைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. அறுவை முடிந்தபின் நெஞ்சுக் குழாயில் வடிந்த ரத்தத்தின் அளவில், வழக்கமான பையோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கை மிகச் சிறியது.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் குழு ஒன்று, விபத்தில் சிக்கி ரத்தம் இழந்த 200 பேரிடம் செய்தது. கொடுக்க முடிகிறது, புதிதாக ஆபத்து தெரியவில்லை. உயிர் பிழைப்பதில் நிச்சயமான வித்தியாசம் என்று சொல்லும்படியாகவும் எதுவும் இல்லை. இதய அறுவை சிகிச்சையில் பெரியவர்கள், குழந்தைகள் என்று இரு தரப்பையும் சேர்த்து, சிப்ஸ் என்ற பெயரில் இதைவிடப் பெரிய ஆய்வும் தொடங்கினார்கள். அதில் 21 நாள் வரை வைத்துப் பார்ப்பதாகத் திட்டம்.

"நாங்கள் முப்பது வருடமாகப் பார்க்கிறோம்" என்று சொல்ல ஆள் இல்லாத சங்கதி இது. 2023-ல் எஃப்.டி.ஏ. கொடுத்தது "இதுதான் மேல்" என்ற சான்றிதழ் அல்ல. "ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்" என்ற அனுமதி.

விழித்து நிற்கும் தட்டணு, தேவையில்லாத இடத்தில் உறைகட்டியை உண்டாக்காதா?

எல்லா மருத்துவர்களுக்கும் முதலில் தோன்றும் பயம் இதுதான். இதுவரை வந்த சிறிய ஆய்வுகளில் அப்படிக் கூடுதலாகத் தெரியவில்லை. பைக்குள்ளேயே கட்டி தட்டுவது வேறு பிரச்சினை, அது நடக்கிறது. பிளாஸ்மாவில் மட்டும் வைத்தால் குளிரில் சில பைகளில் திப்பி திப்பியாகத் திரண்டுவிடும். பிளாஸ்மாவில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அதற்கென்றே தயாரித்த உப்புக் கரைசலைச் சேர்த்தால் இது வெகுவாகக் குறைகிறது.

டெங்குவில் கவுன்ட் இறங்கினால் குளிர்ப் பை ஏற்றலாமா?

வேண்டாம். டெங்குவில் மக்கள் பதறுவது எண்ணிக்கையைப் பார்த்து. எண்ணிக்கையைத் தூக்கி நிறுத்துவதற்குக் குளிர்ப் பையைவிட மோசமான பொருள் கிடையாது. காலையில் ஏறியது மறுநாளே இறங்கிவிடும்.

அதைவிட முக்கியமான விஷயம், ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்குச் சாதாரணப் பையே பெரும்பாலும் தேவை இல்லை. சிங்கப்பூர், மலேசியாவில் இருபதாயிரத்துக்குக் கீழே கவுன்ட் இறங்கிய 372 பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்குப் பிளேட்லெட் ஏற்றினார்கள், மீதிப் பேருக்கு ஏற்றவில்லை. ரத்தக்கசிவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பக்கவிளைவு மட்டும் ஏற்றியவர்களிடம் அதிகம். இந்தியாவின் டெங்கு வழிகாட்டுதலும், கசிவு இல்லாதவருக்குப் பத்தாயிரத்துக்குக் கீழே போனால்தான் யோசிக்கச் சொல்கிறது. டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பிளாஸ்மா கசிந்து ரத்த அழுத்தம் விழுவதுதான். அதற்குத் தேவை சரியான அளவில் திரவம். இதைக் கவுன்ட்டரில் நின்று சொன்னால், "பை இல்லாததால் சமாளிக்கிறான்" என்று என்னைப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

ஒரு பை ஏற்றினால் எவ்வளவு ஏறும்?

ஆர்.டி.பி. என்பது ஒருவர் கொடுத்த முழு ரத்தத்திலிருந்து பிரித்தது. 50 முதல் 70 மில்லி இருக்கும். ஒரு பெரியவருக்கு ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் வரை ஏற்றும். எஸ்.டி.பி. ஒரே டோனரை இயந்திரத்தில் இணைத்து எடுப்பது. முப்பதாயிரம் முதல் அறுபதாயிரம் வரை ஏற்றும். ஏற்றியதில் மூன்றில் ஒரு பங்கை மண்ணீரல் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ச்சலும் கிருமித்தொற்றும் இருந்தால் இன்னும் குறையும். எனவே எதிர்பார்த்த எண் வரவில்லை என்றால் பை போலி என்று சண்டைக்கு வராதீர்கள்.

கவனத்துக்காக ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டு வந்தோம். தப்பா?

தப்புதான். ஆனால் உங்கள் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு நவம்பர் மாதம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன், மழையில் தொப்பலாக நனைந்து வந்தான். கையில் தெர்மாகோல் பெட்டி. அப்பாவுக்கு வாயிலும் மூக்கிலும் ரத்தம், வெளியூரில் ஒரு ரத்த வங்கியில் நாலு ஆர்.டி.பி. கிடைத்திருக்கிறது. இரண்டு மணி நேரம் பைக் ஓட்டி வந்திருக்கிறான். வழியில் ஜூஸ் கடையில் நிறுத்தி, பாலித்தீன் கவரில் ஐஸ் கட்டி வாங்கிப் பைகளுக்கு மேலேயும் கீழேயும் போட்டிருக்கிறான். போன மாதம் அத்தைக்குச் சிவப்பணு வாங்கியபோது அப்படித்தான் கொண்டு வரச் சொன்னார்களாம். பையை வெளியே எடுத்தேன், மீன் மார்க்கெட்டில் தொட்ட மாதிரி ஜில்லென்று இருந்தது. லைட்டுக்கு நேரே பிடித்தேன். மினுக்கு இல்லை. "அண்ணே, நல்லா பத்திரமா கொண்டாந்துட்டேன்ல?" என்றான். நாலு பையையும் ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று. எங்கள் தொட்டிலில் ஒரு எஸ்.டி.பி. இருந்ததால் அன்று ராத்திரி தப்பித்தோம்.

அந்தப் பையன் அறியாமல் செய்ததும், பெர்கனில் செய்வதும் ஒன்றா என்று கேட்கலாம். இல்லை. அங்கே எடுத்ததிலிருந்தே அளந்த குளிரில், அதற்கென்ற கரைசலில், பரிசோதனையோடு வைக்கிறார்கள். ஐஸ்கட்டி மேலேயே உட்கார்ந்த பையில் ஒரு பக்கம் உறைந்தும் இருக்கலாம், யாருக்குத் தெரியும்?

கொண்டு வரும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். மூடிய தெர்மாகோல் பெட்டி, ஐஸ் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, வண்டியின் டேங்க் மேல் வைக்கக் கூடாது, வழியில் எங்கும் நிற்கக் கூடாது. வார்டுக்கு வந்ததும் உடனே ஏற்றச் சொல்லுங்கள். "டாக்டர் வரட்டும்" என்று நர்ஸ் ஃபிரிட்ஜைத் திறந்தால், "சிஸ்டர், இது பிளேட்லெட்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அப்படியே கோபித்தாலும் பரவாயில்லை.

குளிரில் வைத்தால் கிருமி பயம் அறவே போய்விடுமா?

பெரும்பாலும். தோலில் இருக்கும் கிருமிகள் 4 டிகிரியில் பெருகாது. ஆனால் சாகவும் சாகாது. லிஸ்டீரியா, யெர்சினியா மாதிரிக் குளிரிலும் வளரும் சில உண்டு, அவை ரத்தப் பையில் வருவது அபூர்வம்.

முழு ரத்தத்தை அப்படியே கொடுத்தால் அதில் பிளேட்லெட்டும் இருக்குமே?

இருக்கும். நல்ல கேள்வி. ஃபிரிட்ஜில் இருந்த முழு ரத்தத்தைக் கொடுக்கும்போது, பெயர் சொல்லாமல் குளிர்ந்த பிளேட்லெட்டைத்தான் கொடுக்கிறோம். அமெரிக்காவின் சான் அந்தோனியோ பகுதியில் 2018 முதல் மீட்பு ஹெலிகாப்டர்களிலேயே ஓ வகை முழு ரத்தத்தைக் குளிரில் வைத்து எடுத்துப் போகிறார்கள். குளிர்ப் பிளேட்லெட் மீது நம்பிக்கை திரும்பியதற்கு ராணுவத்தில் முழு ரத்தம் கொடுத்த அனுபவமும் ஒரு காரணம்.

உறைய வைத்தால் வருடக்கணக்கில் வருமே?

வரும். டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கிறார்கள், இரண்டு வருடம் வரை தாங்கும். நெதர்லாந்து ராணுவம் இதைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறது. உருக்கிக் கரைத்து எடுப்பது பெரிய வேலை, அதில் கணிசமான தட்டணு அழிந்தும் போகும்.

நம் ஊருக்கு இது வருமா?

எனக்கு ஆசை உண்டு. மலைப்பகுதித் தாலுகா ஆஸ்பத்திரியில் பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்தால், பிளேட்லெட் கீழே இருக்கும் நகரத்திலிருந்து ஏற வேண்டும். அங்குள்ள ரத்தச் சேமிப்பு அறையில் ஃபிரிட்ஜ் இருக்கிறது, அஜிட்டேட்டர் இருக்காது. அந்த ஃபிரிட்ஜில் இரண்டு குளிர்ப் பை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆனால் விதி மாறாமல் யாரும் தானாகத் தொடங்க முடியாது. மாறினாலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. ஒரே வங்கியில் இரண்டு வகைப் பை இருக்கும், வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், கீமோ வார்டுக்குக் குளிர்ப் பையும் விபத்துப் பிரிவுக்குத் தொட்டில் பையும் மாறிப் போகலாம். லேபிள் நிறத்திலிருந்து திட்டம் போட்டாக வேண்டும்.

பிளேட்லெட் கொடுக்கும் டோனருக்கு ஏதாவது மாறுமா?

ஒன்றும் மாறாது. அதே நாற்காலி, அதே ஒன்று, ஒன்றரை மணி நேரம். மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது, கவுன்ட் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். இயந்திரத்தில் கொடுத்தால் 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்கலாம், வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் கூடாது, வருடத்துக்கு 24 தடவை. கொடுக்கும்போது உதடு லேசாக மரத்தால் பயப்படாதீர்கள், உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்பின் கால்சியத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால் வருவது. பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் ஒரு கால்சியம் மாத்திரை கொடுத்து வேகத்தைக் குறைப்பார்கள்.